“அப்புறம் என்ன ஆயிற்று?” – அரசியல் செய்தி மனத்தை அழுத்தும்போது நம்பிக்கை தரும் உள்ளூர்க் கதைகளை எங்கே தேடுகிறீர்கள்?

நெடுவழி | ஞாயிறு, காலை 6.40

வணக்கம். கொஞ்ச நாளாகவே மனத்தில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து எழுந்ததும் செய்தி, படுக்கும்வரை விவாதம். ஒரு சேனலில் விளம்பரம் வந்தால் அடுத்ததற்குப் போவார். அங்கேயும் ஆளுக்கு ஆள் குரலை உயர்த்திக்கொண்டிருப்பார்கள். போன மாதம் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் டிவி வெளிச்சம். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையின் அடியில் ஓடும் வரியை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்றரை. “தூங்கலையாப்பா?” என்றேன். “எல்லாம் கைமீறிப் போச்சுடா. இனி எதுவும் சரியாகாது” என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அன்று முழுக்க நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பழைய பேப்பர் கட்டைப் பிரிக்கும்போது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தின் முன்னால் சாலையைக் கடக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கு அடிபடுகிறது என்று பெற்றோர் சாலையில் உட்கார்ந்த செய்தி. அன்றோடு சரி, அதன்பிறகு ஒரு வரி வரவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று? நடந்து போகிற தூரம்தான், போய்ப் பார்த்தேன்.

பேருந்து நிழற்குடை பத்தடி தள்ளிப் போயிருந்தது. அங்கே நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். பெற்றோர்களில் ஒருவர் லாரி ஓட்டுநராம். ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து பார்த்தால் நிழற்குடையின் பக்கச் சுவர் ஒன்பது வயதுப் பிள்ளையை முழுக்க மறைக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். படம் எடுத்து, மனுவோடு இணைத்து, ஏழு தடவை அலைந்து, கடைசியில் நிழற்குடையை நகர்த்த வைத்துவிட்டார்கள். கூடவே கடக்கும் இடத்தைச் சாலை மட்டத்திலிருந்து உயர்த்தியும் கட்டியிருக்கிறார்கள். “அதுக்கப்புறம் யாருக்கும் அடிபடலை சார்” என்றார் அந்த அம்மா. அந்தச் சாலையில் நான் வாரத்துக்கு நாலு முறை போகிறேன். கவனித்ததே இல்லை.

இதுபோன்ற கதைகளை நீங்கள் எங்கே தேடுகிறீர்கள்? தேடுவதில் பயன் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? அப்பாவுக்காகவும் கேட்கிறேன், எனக்காகவும் கேட்கிறேன்.


இரவுப்பணி | ஞாயிறு, காலை 8.05

தம்பி, முதலில் அப்பாவின் தூக்கத்தைக் கவனியுங்கள். நான் செவிலியர், இருபது வருடமாக இரவுப் பணி. சத்தமில்லாத டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது நினைவிருக்கும். அதன்பிறகு ஆய்வாளர்கள் மக்களிடம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட முடிவு எனக்கு மறக்கவே மறக்காது. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெடிப்புச் செய்திகளைப் பார்த்தவர்கள், வெடிப்பு நடந்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைச் சொல்லியிருந்தார்கள். செய்தி உண்மையானதுதான். ஆனால் உடம்புக்கு ஒரே குண்டு நூறு தடவை வெடிக்கிறது.

அதனால் நல்ல கதையைத் தேடுவதற்கு முன்னால், அதே கெட்ட கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். அப்பாவிடம் “பார்க்காதே” என்று சொன்னால் கேட்க மாட்டார். “எட்டு மணிச் செய்தி மட்டும் பார்ப்போம், நானும் கூட உட்கார்றேன்” என்று சொல்லிப் பாருங்கள்.


செங்கல் | ஞாயிறு, காலை 9.30

இந்தப் பேச்சு எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, நிஜமான கவலை.

‘நம்பிக்கை தரும் கதை’ என்று என் போனுக்கு வருவதில் பாதி எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு சிறுமி உண்டியல் காசைத் தோழியின் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தாள். ஓர் ஆசிரியர் தன் சம்பளத்தில் வகுப்பறைக்குக் கூரை போட்டார். ஒரு முதியவர் தனி ஆளாக முப்பது வருடம் மலையைக் குடைந்தார். எல்லாரும் கண் கலங்குகிறார்கள். சிகிச்சைக்கு ஏன் ஒரு குழந்தை உண்டியலை உடைக்க வேண்டியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சிறுமியை மதிக்கிறேன். அந்தச் செய்தியை மதிக்க முடியவில்லை. அது ஒரு தோல்வியின் மேல் பூவைத் தூவி மறைக்கிறது.

நெடுவழி சொன்ன நிழற்குடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரை நகர்த்த ஏழு தடவை அலைய வேண்டியிருந்ததே, அது நம்பிக்கையா, நிர்வாகத்தின் கேடா? மேலே நடக்கும் அரசியல் சரியாக இல்லாதவரை கீழே எத்தனை சுவரை நகர்த்தினாலும் போதாது. சோர்வு தரும் செய்தியைப் பார்த்துச் சோர்வடைவதில் தவறே இல்லை. சோர்வுக்குக் காரணம் இருக்கிறது.


முன்னாள்நிருபர் | ஞாயிறு, காலை 11.15

செங்கல் சொல்வதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். பதினாறு வருடம் மாவட்ட நிருபராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் மாலை பத்திரிகை அலுவலகத்தின் செய்திப் பிரிவிலிருந்து, அதாவது டெஸ்க்கிலிருந்து, போன் வரும். கேள்வி ஒன்றுதான்: “இன்னைக்கு என்ன?” இதில் ‘இன்றைக்கு’ என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாலம் இடிந்தால் அதற்கு ஒரு தேதி உண்டு. பாலத்தை ஒழுங்காகப் பராமரித்ததால் அது இருபது வருடம் இடியாமல் நின்றது என்பதற்கு எந்தத் தேதி போடுவது? சாலை மறியலுக்கு மணி, நிமிடம் எல்லாம் உண்டு. நிழற்குடையை நகர்த்தியது ஏழு அலைச்சலில், எட்டு மாதத்தில் மெதுவாக நடந்திருக்கும். எந்த நாளில் அது செய்தி? ‘எந்த நாளிலும் இல்லை’ என்பதுதான் டெஸ்க் தரும் பதில்.

நார்வே அறிஞர் யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே என்பவரோடு சேர்ந்து 1965-இலேயே இதை எழுதிவிட்டார். கெட்டது சட்டென்று நடக்கும், நல்லது நாளாகி நடக்கும், தினசரி வெளிவரும் தாளுக்குச் சட்டென்று நடப்பதுதான் தோது. ஐம்பது வருடத்துக்கு ஒரு முறை வரும் செய்தித்தாளைக் கற்பனை செய்து பாருங்கள் என்றும் கால்டுங் சொல்லியிருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் யாருடைய ராஜினாமாவும் இருக்காது. மனிதர்களின் ஆயுள் எவ்வளவு கூடியது என்பதுதான் இருக்கும்.

இதற்கு மேல் இணையம் வந்தது. 2023-இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளையும் அவற்றுக்கு விழுந்த சுமார் 57 லட்சம் கிளிக்குகளையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறது, நல்ல சொல் கூடினால் குறைகிறது. ஒரு சொல்லுக்கு 2.3 சிறிதாகத் தோன்றும். ஒரு நாளைக்கு நூறு தலைப்பு போடும் இடத்தில் இருந்து பாருங்கள், புரியும்.

இப்போது செங்கலின் உண்டியல் சிறுமிக்கு வருகிறேன். அந்த வகைக் கதையை நானும் எழுதியிருக்கிறேன். அதில் ஓர் ஆளின் நல்ல மனம் இருக்கும், பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்பது இருக்காது. அமெரிக்காவில் 2013-இல் தொடங்கிய ‘சொல்யூஷன்ஸ் ஜர்னலிசம் நெட்வொர்க்’ என்ற அமைப்பு நிருபர்களுக்குச் சொல்வது இதைத்தான்: ஆளை மட்டும் எழுதாதே, என்ன செய்தார்கள், அது எப்படி வேலை செய்தது, செய்தது என்பதற்குச் சான்று என்ன, எங்கே அது எடுபடவில்லை என்பதையும் எழுது. கடைசிக் கேள்விதான் எனக்கு உரைகல். ‘எங்கே எடுபடவில்லை’ என்ற பத்தி இல்லாத நம்பிக்கைக் கதையை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

லாரி ஓட்டுநர் கதை அந்தச் சோதனையில் தேறுகிறது. அவர் தியாகம் செய்யவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரத்தையும் தன் இருக்கையின் உயரத்தையும் ஒப்பிட்டார். இதை வேறொரு பள்ளிக்கூட வாசலில் நாளைக்கே யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். உண்டியலை அப்படிச் செய்ய முடியாது.


வேம்பு | ஞாயிறு, மதியம் 1.50

நிருபர் ஐயா சொன்ன ‘தேதி இல்லாத நல்ல செய்தி’ என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் பெரியது மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு மரங்கள்.

1983. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் அங்கே மராடி பகுதியில் மரம் நடும் திட்டத்தில் இருந்தார். வருடக்கணக்கில் கன்று நட்டும் பெரும்பாலானவை காய்ந்து போயின. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற நிலை. ஒரு நாள் வண்டி நிறையக் கன்றுகளோடு போகும்போது, மணலில் டயர் புதையாமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் இறக்க நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் ஒரு புதர். தினமும் பார்க்கிற புதர்தான். அன்று கிட்டப் போய் இலையைப் பார்த்தார். புதர் இல்லை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர். வயல் முழுக்க அப்படித்தான் இருந்தது. மண்ணுக்கடியில் வேர் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் உழும்போது வெட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதன்பிறகு செய்தது எளிய வேலை. துளிரில் நல்லதாக நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கழிப்பது, ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆரம்பத்தில் சிரித்தார்கள், சிலர் மட்டும் செய்து பார்த்தார்கள். இருபது வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் கூடியிருந்தது. வானத்திலிருந்து பார்த்துத்தான் உலகத்துக்கே தெரிந்தது.

இப்போது இதைப் பாருங்கள். அந்த நாட்டில் 1996, 1999, 2010, 2023 என்று ராணுவப் புரட்சிக்கு மேல் புரட்சி. நைஜர் என்று செய்தியில் பெயர் வந்தால் அதற்காகத்தான் வரும். ஒவ்வொரு புரட்சியின் போதும் விவசாயி யாரோ வயலில் துளிரைக் கழித்துக்கொண்டிருந்திருப்பார்.

செங்கல் தோழருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்ற நிலை கடுமையாக இருந்தவரை இது வேகம் பிடிக்கவில்லை. தன் வயல் மரத்தைத் தான் வெட்டினால் அபராதம் என்றால் எவன் வளர்ப்பான்? அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் பரவியது. அரசியல் வேண்டாம் என்று இந்தக் கதை சொல்லவில்லை.


கல்லூரிமாணவி | ஞாயிறு, மாலை 4.20

இதழியல் படிக்கிறேன். வகுப்பில் படித்த ஒன்று இங்கே பொருந்தும் என்று தோன்றுகிறது.

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ‘தி டெசர்ட் சன்’ என்று ஒரு நாளிதழ். 2019 ஜூலை முழுவதும் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலே வராது என்று அறிவித்தார்கள். கடிதங்களும் கட்டுரைகளும் உள்ளூர் விஷயம் மட்டும். பக்கம் காலியாகிவிடும் என்று பலர் நினைத்திருப்பார்கள். போக்குவரத்து நெரிசல், பழைய கட்டடங்களைக் காப்பது, சுற்றுச்சூழல் என்று நிரம்பியது. அந்தப் பக்கத்தை இணையத்தில் வாசிப்பவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனார்கள். மூன்று ஆய்வாளர்கள் இதே மாதிரியான இன்னொரு நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மாற்றுக் கட்சிக்காரர்கள் மீதான வெறுப்பு வளரும் வேகம் பாம் ஸ்பிரிங்ஸில் குறைந்திருந்தது. குறைந்தது வேகம்தான், வெறுப்பு போய்விடவில்லை. அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் நல்ல செய்தி மட்டும் போடுவோம் என்று சொல்லவில்லை. நெரிசல் நல்ல செய்தியா என்ன? ஆனால் நெரிசலைப் பற்றி எழுதுகிறவர் அதில் ஏதோ செய்ய முடியும் என்று நம்பித்தானே எழுதுகிறார்.

ஆனால் ஒரு வருத்தம். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாளிதழ், வார இதழ்கள் மூடப்பட்டுவிட்டன. உள்ளூர்க் கதையைச் சொல்லும் ஆளே இல்லாமல் போனால் நெடுவழி அண்ணன் மாதிரி எல்லோரும் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதுதான்.


ஒதுங்கியவன் | ஞாயிறு, மாலை 5.00

நான் எட்டு மாதமாகச் செய்தியே பார்ப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன். அப்பாவுக்கும் அதையே சொல்லுங்கள்.


இரவுப்பணி | ஞாயிறு, மாலை 5.25

ஒதுங்கியவன் தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் பல நாடுகளில் கேட்டதில், சில நேரமாவது செய்தியைத் தவிர்க்கிறோம் என்று சொன்னவர்கள் 2017-இல் 29 சதவீதம், 2024-இல் 39 சதவீதம். நீங்கள் தனி ஆள் இல்லை.

ஆனால் என் வேலையில் ஒன்றைப் பார்க்கிறேன். காய்ச்சல் அளவைப் பார்க்காமல் இருந்தால் காய்ச்சல் குறையாது. அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தாலும் குறையாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, எழுதி வைத்து, நடுவில் செய்ய வேண்டியதைச் செய்கிறோம்.


பொன்மாலை | ஞாயிறு, இரவு 7.45

1991-ஐ யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? மே மாதம் ராஜீவ் காந்தி படுகொலை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றி, தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்த வருடம். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வானொலியைத் திறக்கவே பயமாக இருக்கும்.

அதே வருடம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்தறிவோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி பேசினார்கள், அசிங்கமாகவும் பேசினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுவில் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், கூட்டிப் போக ஆண் துணைக்குக் காத்திருக்கும் நேரமும் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

அந்த வருடம் நான் பயந்தது தவறு இல்லை. ஆனால் அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன குழந்தைக்கு இன்று முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். 1991 என்றால் அதன் நினைவில் வேறொன்று இருக்கும்.


செங்கல் | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருடைய பதிவையும் வாசித்தேன். பொன்மாலை அம்மா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் கேள்வி இன்னும் இருக்கிறது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம், 1989. நகராட்சிப் பணத்தின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே கூடி முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏழைக் குடியிருப்புகள் முதலில் கேட்டது குழாயும் சாக்கடையும். உலக வங்கியே குறித்து வைத்திருக்கிறது: 1988-இல் குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 75 சதவீதம், 1997-இல் 98 சதவீதம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்கள் இதைப் பின்பற்றின. நம்பிக்கைக் கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்சிகள் மாறின, ஒதுக்கீடு சுருங்கியது, 2017-இல் அந்த நகரத்திலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். மேலே இருப்பவர் ஒரு கையெழுத்தில் நிறுத்திவிட முடிந்தால், கீழே நடப்பதைப் பார்த்து எப்படித் தைரியம் கொள்வது?


கணக்கர் | ஞாயிறு, இரவு 10.30

செங்கல் அவர்களுக்கு. உங்களைவிட வயதில் மூத்தவன் என்று நினைக்கிறேன், தணிக்கைத் துறையில் முப்பத்து மூன்று வருடம். நேராகப் பதில் சொல்கிறேன்.

குழாய்கள் அங்கேயே இருக்கின்றன. கூட்டத்தை நிறுத்தினார்கள், மண்ணுக்குள் போட்ட குழாயைப் பிடுங்கவில்லை. இது முதல் பதில்.

இரண்டாவது பதில் கொஞ்சம் பெரியது. 1994 டிசம்பர், ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற சிற்றூர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை அங்கே நடத்தியது. ஒரு கூடாரம், ஒரு மைக். செய்தது என்ன? அரசாங்க வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று. இந்த மாதிரி விசாரணைகளில் வேலைக்கே போகாதவர் பெயர் வரும், செத்துப் போனவர் பெயர் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து “அது என் பெயர், நான் அந்தப் பக்கமே போகவில்லை” என்பார். முப்பத்து மூன்று வருடம் பதிவேடு பார்த்தவன் சொல்கிறேன், எந்தத் தணிக்கையாளராலும் அந்தக் கேள்வியை அங்கே அப்படிக் கேட்க முடியாது. காகிதத்தில் ரேகை இருக்கும், தொகை கூடும், எல்லாம் சரியாக இருக்கும். பொய் என்று அந்த ஊர்க்காரருக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பதிவேடுகளின் நகலைத் தரமாட்டோம் என்றார்கள் அதிகாரிகள். 1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து 2005-இல் நாடாளுமன்றத்தில் தகவல் உரிமைச் சட்டம். அந்த 1994 டிசம்பரில் டெல்லியில் யார் என்ன அறிக்கை விட்டார்கள் என்று இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா? மேலே இருக்கும் அரசியல் மாறினால்தான் கீழே மாறும் என்கிறீர்கள். என் அனுபவத்தில், மேலே மாறியவற்றில் நிலைத்து நின்றது பெரும்பாலும் கீழே ஏதோ ஓர் ஊரில் முதலில் செய்து பார்க்கப்பட்டதாகவே இருக்கிறது.

நெடுவழி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல கதையை நான் தேடும் இடம் கூட்டக் குறிப்புகளும் கணக்குப் புத்தகமும். மன்றக் கூட்டத்தின் தீர்மானங்களை வாசிப்பவர் மிகக் குறைவு. சலிப்பூட்டும் வாசிப்புதான். ஆனால் ‘மனு பெறப்பட்டது’ என்று ஒரு கூட்டத்திலும் ‘பணி முடிந்தது’ என்று நாலாவது கூட்டத்திலும் வருகிற இடத்தைப் பிடித்துவிட்டால், நடுவில் யார் அலைந்தார் என்று விசாரித்துக்கொண்டு போகலாம். எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவர்கள்.


முன்னாள்நிருபர் | ஞாயிறு, இரவு 10.50

“நடுவில் யார் அலைந்தார்.” கணக்கர் ஐயா, இதை நான் சர்வீஸில் இருந்தபோது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!


நெடுவழி | அடுத்த ஞாயிறு, காலை 7.15

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இரவுப்பணி அக்கா சொன்னபடி எட்டு மணிச் செய்தி மட்டும் என்று ஒப்பந்தம். முதல் நாள் எட்டரைக்கு அப்பாவின் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. நான் அந்தப் பழைய பேப்பர் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். “ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்த உள்ளூர்ப் பிரச்சினை எல்லாத்தையும் எடுங்கப்பா. என்ன ஆச்சுன்னு பார்ப்போம்” என்றேன். முணுமுணுத்தார். பத்து நிமிடம் கழித்துக் கத்தரிக்கோல் கேட்டார்.

பதினொரு செய்தி வெட்டினார். ஒரு நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பாதிப் பக்கம் காலியாக விட்டார். இந்த வாரம் ஆறைப் போய்ப் பார்த்தோம் அல்லது போன் போட்டுக் கேட்டோம். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இரண்டு தீர்ந்திருந்தது. மூன்று அப்படியே கிடக்கிறது. ஒன்று மோசமாகியிருந்தது: ஆக்கிரமிப்பை அகற்றித் தூர் வாருவோம் என்று அறிவித்த ஏரியில் இப்போது கட்டட இடிபாடுகளைக் கொட்டுகிறார்கள். அப்பா கரையில் நின்று வெகுநேரம் பேசவே இல்லை.

தீர்ந்ததில் ஒன்று நூலகம். ஆள் இல்லாததால் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த கிளை நூலகம் அது. மூடவில்லை. ஓய்வு பெற்ற நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு மாலையில் திறக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு பாட்டி நூலகர் நாற்காலியில் உட்கார்ந்து கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அப்பா சுற்றிப் பார்த்தார். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. இரவல் பதிவேட்டைப் புரட்டி, “திரும்பி வந்த புத்தகத்துக்குத் தேதியே போடலையேம்மா, எது வெளியில இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அந்தப் பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எனக்குக் கண்ணு தெரியலை. நீங்க வந்து போடுங்களேன்” என்றார்.

செவ்வாய், வியாழன், சனி போகிறார். நேற்று இரவு பத்து மணிக்குக் கூடத்தில் வெளிச்சம் தெரிந்தது. டிவி இல்லை. பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து, “நாற்பத்தேழு புத்தகம் வெளியில நிக்குதுடா” என்றார். குரலில் அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாடு சரியாகிவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. எட்டு மணிச் செய்தி பார்த்து இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்.


இரவுப்பணி | அடுத்த ஞாயிறு, காலை 7.40

தூங்குகிறாரா?


நெடுவழி | அடுத்த ஞாயிறு, காலை 7.52

பதினொன்றுக்குப் படுத்துவிடுகிறார் அக்கா. நடுவில் ஒரு தடவை எழுந்திருப்பார், அவ்வளவுதான்.


செங்கல் | அடுத்த ஞாயிறு, காலை 9.05

நெடுவழி, அந்த ஏரி எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று தெரியுமா? தூர் வாரும் அறிவிப்பின் தேதி அப்பாவின் நோட்டில் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். தகவல் கேட்டு மனு நான் எழுதுகிறேன். இடிபாடு கொட்டும் வண்டி எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் யாராவது கவனித்துச் சொன்னால் நல்லது.


கணக்கர் | அடுத்த ஞாயிறு, காலை 9.40

செங்கல், நல்லது. மனுவில் ‘ஏன் தூர் வாரவில்லை’ என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் கையில் உள்ள ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கம் தரச் சொல்லவில்லை. பணி ஆணையின் நகல், ஒப்பந்தக்காரருக்கு இதுவரை கொடுத்த தொகை, அளவுப் புத்தகத்தின் நகல், இந்த மூன்றையும் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று வரும். அதை வைத்துக்கொண்டு நெடுவழியின் அப்பாவைக் கரைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் இல்லாததைக் கண்டுபிடிக்கிறவர் அவர்.